ஆரஞ்சு விளக்கு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான், மனைவிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலர் சரியாக மடியவில்லை. விட்டுவிட்டான்.

"இன்னிக்காவது அப்பாகிட்ட வாயைத் திறந்து பேசுங்க" என்றாள் மனைவி.

"பேசறேன்."

"மென்னு முழுங்காதீங்க."

அவளுடைய அப்பாவுக்கு லாரி கம்பெனி. அங்கே மாப்பிள்ளைக்கு வண்டி வாங்கும் பிரிவில் வேலை. புதுப் புகை விதி வரப்போகிறது. பழைய லாரிகள் இனி நகரத்துக்குள் நுழைய முடியாது. பத்துப் புது லாரி வாங்க வேண்டும். எந்த டீசல் இன்ஜின் என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். சொதப்பினால் மறுபடியும் டயர் கிடங்குதான். மாமனார் அதைச் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

இரண்டு லாரிகள் வெள்ளோட்டத்தில் இருந்தன. ஒன்றுக்கு டீசல் போக, தனித் தொட்டியில் யூரியாத் திரவமும் ஊற்ற வேண்டும். அது புகையை அடக்கிவிடும், வண்டி நிற்காமல் ஓடும். மற்றதற்குத் திரவம் வேண்டாம். அது கரியை வடிகட்டியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். நிறைந்தால் ஆரஞ்சு விளக்கு எரியும். ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் கரியைத் தானே எரித்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை எரிந்தாலே அதிகம் என்றான் விற்க வந்தவன்.

தினமும் எரிந்தது.

மாமனாரின் அறைச் சுவரில் ஒரு திரை. லாரிகள் எல்லாம் அதில் புள்ளிகளாக ஊரும். எந்தப் புள்ளி நின்றாலும் மாமனாரின் கை போனுக்குப் போகும்.

"ஏன்யா நிக்குது?"

"விளக்கு எரியுது முதலாளி."

கரி எரிந்து முடிவதற்குள் கிளப்பினால் வடிகட்டி கெட்டுப்போய்விடும். மாமனார் போனை வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்ப்பார்.

"லாரி கேட்டா பஸ் ஸ்டாப்பைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்களே, மாப்ளே."

மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவன் வடிகட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"கரியே இல்லியே சார்."

"அப்ப ஏன் எரியுது?"

"சென்சார் கோளாறா இருக்கும்."

சென்சாரை மாற்றினார்கள். மறுநாள் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை எரிந்தது. ஒயரிங்கை மாற்றினார்கள். அன்றைக்கு வெயில் அதிகம். மூன்று முறை எரிந்தது.

கடைசியில் அவனே வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ஓட்டியது கம்பெனியின் ஒரே பெண் டிரைவர். ஷெட்டில் எல்லோருக்கும் அக்கா. போக வர விளக்கு எரியவே இல்லை.

"ஏன்க்கா இன்னிக்கு எரியல?"

"உங்க ராசி சார்."

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க உக்காந்தா எரியல. அப்ப பத்து லாரிக்குப் பத்து மாப்பிள்ளை வேணும். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு."

"யூரியா வண்டியையே வாங்கிடலாம் மாமா" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டான்.

சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் ஷெட் முழுக்கப் பரவியது. டிரைவர்கள் மொத்தமாக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்த வண்டி வேணாம் சார்."

"ஏன்? ஒரு குறை சொல்லுங்க."

"குறையே இல்ல சார். அதான்…" என்று ஆரம்பித்தவனைப் பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடித்தான்.

"அதைத்தான் வாங்குவீங்கன்னா நாங்க வேற கம்பெனி பாத்துக்கறோம் சார்."

பத்து லாரி, ஓட்ட ஆளில்லை. டயர் கிடங்கின் ரப்பர் நாற்றம் இப்போதே அவன் மூக்கில் ஏறியது.

மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "சாவியக் குடுங்க. நான் ஸ்டியரிங் பிடிச்சு மேல வந்தவன். எரியுதா இல்லியான்னு நானே பாக்கறேன். நீ வாம்மா, பக்கத்துல உக்காரு" என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை திரை முன்னால் உட்கார்ந்தான். புள்ளி ஊர்ந்தது. பாதி வழியில் நின்றது. போன் செய்தான், மாமனார் எடுக்கவில்லை. அரை மணி போயிற்று. இன்னொரு அரை மணியும் போயிற்று. புள்ளி அசையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மேசை டிராயரைக் காலி செய்து சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் வண்டி வந்தது. மாமனார் இறங்கினார். முகம் தெளிந்திருந்தது.

"எரிஞ்சுது மாப்ளே. நல்ல இன்ஜின். பத்தும் இதுவே வாங்குங்க."

"தினமும் லேட்டாகுமே மாமா?"

"ஆகட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அவன் கேட்டிராத வார்த்தை அது. சாவியை மாட்ட வந்த அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, மாமா ஓட்டும்போது விளக்கு எவ்வளவு நேரம் எரிஞ்சுது?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அது எங்க யாருக்குமே எரிஞ்சதில்ல சார். அந்தப் பெரிய மரத்தடி வந்ததும், 'நீங்கல்லாம் இங்கதான தூங்குவீங்க'ன்னு கேட்டு, முதலாளியே ஓரங்கட்டி, போனை அணைச்சுட்டுக் குறட்டை விட ஆரம்பிச்சுட்டார்."