சுனாமி அண்ணையின் புது அலை

ஒரே ஒரு வசனத்தால் எங்கள் தீவுக் கிராமமான கரம்பொன்னை முழுதாகக் காலி பண்ணிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் சுனாமி அண்ணை. என் அம்மாவுக்கும் அண்ணை, எனக்கும் அண்ணை, அக்காவின் பால்குடி மறக்காத மகனுக்கும் அண்ணைதான்.

தொழில், ஓட்டோ. நோய், நியூ வேவ் பாட்டு.

எண்பதுகளில் இளந்தாரியாக ஜேர்மனிக்குப் போனவருக்கு, அகதி முகாமில் பக்கத்துக் கட்டில்காரனிடமிருந்து அந்த இசை தொற்றியது. தாளத்துக்கு ஒரு மெஷின், ராகத்துக்கு ஒரு மெஷின், நடுவில் தடிமன் பிடித்த ஒருவர் தன் காதல் தோல்வியை யாரிடமோ முறைப்பாடு செய்வதுபோல ஒரு குரல். ஜேர்மன்காரர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் வெளிநாட்டுக் காசில் ஊரில் மாடிவீடு கட்ட, இவர் ஒரு பை நிறையக் கசெற்றோடு வந்து இறங்கினார்.

"ஏன் அண்ணை உங்களை அனுப்பினவங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ஜேர்மன் பாஷை பழகினது முழுக்கப் பாட்டிலை இருந்து, பிள்ளை. விசாக் கந்தோரிலை என்ன கேட்டாலும் 'என்ர இதயம் ஒரு ஐஸ்பெட்டி' எண்டு சொன்னா அவங்கள்தான் என்ன செய்யிறது?"

பட்டப்பெயர் வந்த கதை நான் பள்ளிக்கூடம் போன காலத்தது. சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஒரு மணித்தியாலம் தன் பாட்டுகளைப் போட, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தார். ஊர் ஆடவேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. விளம்பரம் நல்ல தமிழில் இருக்கட்டும் என்று நினைத்து, ஓட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினார்.

"அன்பான பொதுமக்களே! இன்று மாலை எங்கள் கரம்பொன்னுக்குப் புது அலை வருகிறது! புது அலை வருகிறது!"

சுனாமி கிழக்குக் கரையை அழித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதோடு எங்கள் கடலில் பழைய அலையே கிடையாது. முழங்காலளவு தண்ணீர் குளம்போலக் கிடக்கும். அதில் புது அலை என்றால்? மத்தியானத்துக்குள் சனம் யாழ்ப்பாண பஸ்ஸில் தொங்கியது. எங்கள் எதிர்வீட்டுப் போஸ்ற்மாஸ்ரர் தன் ஆட்டையும் ஏற்றினார். கொண்டக்ரர் ஆட்டுக்கு ரிக்கற் கேட்டார்.

"டேய், அலை வந்தா உன்ர ரிக்கற்றைப் பிடிச்சுக்கொண்டே நீந்தப் போறாய்?"

அன்று மாலை அண்ணை வெறும் கதிரைகளுக்குப் பாட்டுப் போட்டார். அதன்பிறகு கரம்பொன்னில் எவரும் அவர் கையில் மைக் கொடுத்ததில்லை. போஸ்ற்மாஸ்ரர் அவரோடு கதைத்ததுமில்லை. ஓட்டோ வாசலால் போகும்போது மட்டும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "உந்தச் சத்தத்தை நிப்பாட்டடா!"

எனக்கு யாழ்ப்பாணக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. பஸ்ஸில் சீற் பிடிப்பதற்காக, பஸ் புறப்படும் ஊர்காவற்றுறைக்கே போய் ஏறுவேன். போவது அண்ணையின் ஓட்டோவில். முதல்நாளே கேட்டுவிட்டேன்.

"அண்ணை, இது என்ன பாட்டு? நல்லாயிருக்கு."

ஓட்டோ நடுறோட்டில் நின்றது.

"இன்னொருக்காச் சொல்லும், பிள்ளை."

"பாட்டு... நல்லாயிருக்கு."

"முப்பது வருசமா இந்த ஊரிலை ஓடுறன். 'மீற்றரைப் போடு' எண்டு கேட்டிருக்கினம், 'நிப்பாட்டு' எண்டு சொல்லியிருக்கினம். இப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை." கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்தார். அன்றைக்கு எனக்கு பஸ்ஸும் போனது, சீற்றும் போனது.

பிறகு நான் அவரைவிட மோசமாகிவிட்டேன். அவரிடம் இல்லாத பாட்டுகளை என் ஃபோனில் தேடிக் கொண்டுபோவேன். நாட்டில் பெற்றோல் இல்லாத காலத்தில், ஓடாத ஓட்டோவுக்குள் இருந்து கேட்டோம். "பயணம் போகாமலே பயணம்" என்பார். அந்த நாட்களில்தான் வாக்குக் கொடுத்தேன்: "நான் பட்டம் எடுக்கிற அண்டைக்கு எங்கட வீட்டிலை நீங்கள்தான் பாட்டு. ஊரைக் கூப்பிட்டு ஆடுவம்."

கொரோனாவால் ஏற்கெனவே பிந்தியிருந்த பட்டமளிப்பு, வேலைநிறுத்தத்தால் இன்னும் தள்ளித் தள்ளிப் போனது. "அந்தியேட்டிக்கு முன்னம் குடுப்பாங்களோ?" என்று அண்ணை கேட்பார். செத்தபின் முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி யாருடையது என்று சொல்லமாட்டார்.

கடைசியில் நாள் வந்தது. அப்பாவை நச்சரித்து ஒரு மணித்தியாலம் வாங்கியிருந்தேன். விழா முடிந்து கறுப்பு அங்கியோடு நான் வீடு வந்தபோது, பந்தல் போட்டு, கதிரைகள் அடுக்கி, மாமரத்தில் ஸ்பீக்கரும் ஏறியிருந்தது. அதன் கீழே அண்ணை, ஜேர்மனியில் வாங்கிய கோட்டோடு, கழுத்தில் நூல்போல மெல்லிய ரையோடு, தேங்காயெண்ணெய் பூசி நிமிர்த்திய தலைமயிரோடு நின்றார். நரைத்த கீரி ஒன்று கலியாணத்துக்குப் புறப்பட்டதுபோல இருந்தது.

"இண்டைக்குக் கரம்பொன் ஆடும், பிள்ளை," என்று விரலைப் பொத்தானில் வைத்தார்.

எதிர்வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டது.

போஸ்ற்மாஸ்ரர் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. அயலில் செத்தவீடென்றால் எங்கள் பக்கத்தில் றேடியோவைக்கூடத் திறக்கமாட்டோம். அந்தியேட்டிவரை கொண்டாட்டம் என்ற பேச்சே இல்லை. அப்பா தயங்கித் தயங்கி அண்ணையிடம் வந்தார். அவர் ஏற்கெனவே வயரைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"மனுசன் கடைசியா நிப்பாட்டிப்போட்டுது, பிள்ளை," என்றார்.

எங்கள் கதிரைகளை அவரே இரண்டிரண்டாகத் தூக்கி ஒழுங்கையைத் தாண்டிச் செத்தவீட்டில் போட்டார். பந்தலும் போனது. எல்லாம் முடிந்தபிறகு, மதிலோரம் நின்ற ஓட்டோவுக்குள் இருவரும் இருந்தோம். நான் இயர்ஃபோனை எடுத்தேன். அவருக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. தலை தானாக ஆடத் தொடங்கியது. அண்ணை தொடையில் தாளம் போட்டார். பிறகு நெற்றியில் போட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"செத்தவரோடை கதை பேச்சு இல்லாத மனுசன். பாரும், எப்பிடித் தலையிலை அடிச்சு அழுகுதெண்டு."

அவர் கண் கலங்கித்தான் இருந்தது. பாட்டுக்கா, போஸ்ற்மாஸ்ரருக்கா என்று நான் கேட்கவில்லை.

"அந்தியேட்டி முடியட்டும் அண்ணை, போடுவம்."

"ஓம் பிள்ளை. முடியட்டும்."

அந்தியேட்டி முடிவதற்குள் எனக்குக் கொழும்பில் வேலை வந்தது. நான் லீவு கேட்டு அலைந்துகொண்டிருக்கும்போதே, கலியாணம் கட்டி ஜேர்மனிக்குப் போயிருந்த அவருடைய மகள் அவரைக் கூப்பிட்டுவிட்டாள். இம்முறை ஜேர்மன்காரர் மறுபேச்சில்லாமல் விசா கொடுத்தார்கள். எங்கள் மாமரத்தில் அவர் ஸ்பீக்கர் கட்டிய கயிறு மட்டும் இன்னும் தொங்குகிறதாம். அவிழ்க்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

போன கிழமை அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "பிள்ளை, இஞ்ச ஒருத்தருக்கும் எங்கட பாட்டுத் தெரியேல்லை. பேத்திக்குப் போட்டுக் காட்டினனான். வீரிட்டு அழுதாள். பரவாயில்லை, கவனிச்சுக் கேக்கிறாள்."

கொழும்பு பஸ்ஸில் நானும் தினமும் கேட்கிறேன், ஒரு காதில் மட்டும். மற்றதை அண்ணையின் பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன்.