மாமாவுக்கு மோட்சம் கொடுத்த செயலி

உயிரோடு இருக்கிற மாமனாரை ஒலிபெருக்கியில் மோட்சத்துக்கு அனுப்பிவைத்த மருமகன் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து வந்து சந்தியுங்கள். சேர்ந்து அழ ஒரு ஆள் வேண்டும்.)

நான் படித்தது பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான். கோப்பாயில் போட்டோக்கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பிள்ளையார் கோயில் சபைக்குச் செயலாளர் தேடியபோது, கடையில் கணினி இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். சபைத் தலைவர் வேறு யாருமில்லை, என் மனைவி கௌரியின் அப்பா சிவபாதம் மாமாதான்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனம் அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்ல என் போனுக்குத்தான் எடுக்கும். அவர்களுக்கு விடிந்திருந்தால் எனக்கும் விடிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இந்தத் தொல்லைக்கு முடிவுகட்ட, இணையத்தில் கற்றுத்தரும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு செயலி செய்யத் தொடங்கினேன். செயலியை ஓட்ட சேர்வர் என்று ஒரு கணினியை வாங்கி வைத்துப் பராமரிக்கத் தேவையில்லை, யாராவது கூப்பிட்டால் மட்டும் அது எங்கேயோ இருந்து எழும்பி வந்து, வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும் என்று வீடியோவில் சொன்னார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. நான் தினமும் கும்பிடுகிறவரைப் பற்றியல்லவா சொல்கிறார்கள்!

கௌரிக்குச் சிலிர்க்கவில்லை.

"சேர்வர் இல்லாமல் என்னெண்டப்பா வேலை செய்யும்?"

"இருக்குது. ஆனால் எங்களிட்டை இல்லை."

"அப்ப ஆரோ ஒருத்தன்ரை வீட்டிலை இருக்குதெண்டு சொல்லுங்கோவன்."

(இதைவிடத் தெளிவாக விளக்கிய வீடியோவை நான் இன்றுவரை பார்க்கவில்லை.)

தகவல்களை வைக்க அட்டவணைகள் செய்தேன். ஆட்களுக்கு ஒன்று, அருச்சனைகளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இலக்கம். அருச்சனை அட்டவணையில் அந்த இலக்கத்தைப் போட்டால் போதும், செயலி இரண்டையும் பொருத்திப் பெயரை எடுத்துத் தரும். ராகுகாலம் கழியக் காத்திருந்து, மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, இணையத்தில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை ஐயர் பட்டியலைப் பார்த்து வாசிக்க, ஒரு பெயர்கூடப் பிழைக்கவில்லை. "என்ரை மருமகன்ரை மூளை!" என்று மாமா சபையில் சொன்னார். அன்று என் கால் நிலத்தில் படவில்லை.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, தகப்பன் பெயரில் மோட்ச அருச்சனை செய்விக்கும் நாள். அதுவரை அவரவர் தங்கள் பெயருக்கே அருச்சனை கொடுத்ததால் ஒரு இலக்கம் போதுமாயிருந்தது. இப்போது இரண்டு வேண்டும்: கொடுக்கிற மகன் யார், போய்ச்சேர்ந்த தகப்பன் யார். அட்டவணையில் தகப்பனுக்கு இடம் சேர்த்தேன். பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று தானாக விழவும் வழி செய்தேன். ஆனால் ஐயருக்குப் பட்டியல் எடுத்துக் கொடுக்கும் பகுதியிடம், 'இனி மகனின் பெயரை விட்டுத் தகப்பனின் பெயரை எடு' என்று சொல்ல மறந்துபோனேன்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அங்கேதான் என் பக்தி குறுக்கே வந்தது. என் அப்பா சுகமாக இருக்கிறார். அவரை அமரர் என்று போட்டுப் பார்க்க எனக்குக் கை வருமா? அயலில் ஒருவரைப் போடுவதும் பாவம். போனால் நான் போகட்டும் என்று இரண்டு இடத்திலும் என் பெயரையே போட்டேன். 'அமரர்' என்று என் பெயர் அழகாக வந்தது. திருப்தியோடு அதை அழித்துவிட்டுப் போய்த் தலை முழுகினேன்.

அந்த நேரம் மாமாவுக்கு இருதயத்தில் அடைப்பு. கொழும்பில் பைபாஸ் செய்ய வேண்டும். "நெஞ்சைப் பிளந்தால் சீவன் நிக்குமே?" என்று மறுத்துக்கொண்டிருந்தவரைக் கௌரி அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தாள். அமாவாசை முடிந்த அடுத்த கிழமை பயணம்; ரயில் ரிக்கற்றும் எடுத்தாயிற்று.

அமாவாசையன்று ஐயர் ஒலிபெருக்கியில் தொடங்கினார். "அமரர் ரவீந்திரன்..."

வெளிநாட்டிலிருந்து தகப்பனுக்கு அருச்சனை பதிந்திருந்தவர் ரவீந்திரன். அவருடைய அக்கா பரமேஸ்வரி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். "ஐயோ! என்ரை தம்பி எப்ப மோசம் போனவன்?" என்று குழறியபடி கனடாவுக்குப் போன் எடுத்தார். நித்திரையிலிருந்து எழும்பிய ரவீந்திரன் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஆரக்கா செத்தது?"

"நீதான்ரா!"

இந்த அமளி ஐயரின் காதில் ஏறவில்லை. அவர் தாளம் பிசகாமல் வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் திடுக்கிட்டது. ஓடிப்போய்த் தடுப்பதற்குள், "அமரர் சிவபாதம், திருவாதிரை நட்சத்திரம்..." என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அமரர் எதிரே கை கூப்பியபடி நின்றார்.

சனத்தை அமர்த்தி, உண்மையான தகப்பன்மாரின் பெயர்களோடு பட்டியலைத் திருத்தி எடுப்பதற்குள் அமாவாசைத் திதி கழிந்துவிட்டது. மாமா வீட்டுக்குப் போய்ச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார்.

"ரிக்கற்றைத் திருப்பிக் குடுங்கோ. எனக்கு ஒப்பிரேசன் வேண்டாம். பிள்ளையாரே சொல்லிப்போட்டார்."

கௌரி என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு ஏதும் நடந்துதெண்டால், நீங்கள் உந்தக் கொம்பியூட்டரோடையே குடும்பம் நடத்துங்கோ." கோபத்தைவிட அவள் கண்ணில் இருந்த பயம்தான் என்னைக் கொன்றது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமாவின் முன்னால் போய் நிலத்தில் இருந்தேன்.

"மாமா, பிள்ளையார் ஒண்டும் சொல்லேல்லை. நான் விட்ட பிழை. அது குடுக்கிற ஆளின்ரை பேரை எடுத்துப்போட்டுது."

"அப்ப என்ரை அப்புவின்ரை பேர்?"

"அது... வாசிக்கேல்லை மாமா."

மாமா நிமிர்ந்து இருந்தார். "விடியக் கீரிமலைக் கேணியிலை தோய்ஞ்சு, பச்சைத் தண்ணி குடிக்காமல் வந்து நிண்டனான். அப்பு அங்கை பார்த்துக்கொண்டு நிக்க, அவருக்குப் பதிலா என்னை ஏத்திவிட்டனியோ?"

"புரட்டாதி அமாவாசைக்குக் குடுக்கலாம் மாமா."

"அதுக்குள்ளை நான் போயிடுவன். பிறகு ஆரடா குடுக்கிறது? எனக்கென்ன ஆம்பிளைப் பிள்ளை கிடக்கோ?"

"நீங்கள்தான் குடுக்க வேணும். அதுக்கு நீங்கள் இருக்க வேணும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அழுகையோடு வாயில் வந்தது. மாமா மறுபடி கதிரையில் சாய்ந்தார். பிறகு கேட்டார்:

"ரிக்கற் யன்னல் பக்கமோ?"

குசினிக்குள் கௌரி விசும்புவது கேட்டது.

புரட்டாதி அமாவாசைக்கு, நெஞ்சில் தழும்போடு மாமா முன்வரிசையில் நின்றார். "அமரர் கந்தையா" என்று ஐயர் அப்புவின் பெயரை வாசிக்க, பள்ளிக்கூடத்தில் வரவு சொல்வதுபோல் "ஓம்!" என்றார். அன்றிலிருந்து கலியாணவீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவர் என்ரை மருமகன். டொக்குத்தருக்கு முதலே எனக்கு மோட்சம் தந்தவர்."

சபையின் உத்தரவுப்படி செயலியில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். 'கொடுப்பவர் உயிரோடு இருக்கிறார்' என்பதைத் தொட்டு அடையாளம் இட்டால்தான் மோட்ச அருச்சனை பதிவாகும். வெளிநாட்டுச் சனம் சிரித்தபடி தொட்டுவிட்டுப் போகிறது. மாமாவுக்கு மட்டும் இணையத்தில் நம்பிக்கையில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முன்னால் சைக்கிளில் கடைக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தன் விரலாலேயே தொடுவார். ஒருதரம் தொட்டால் போதும் என்று சொன்னாலும் கேட்கமாட்டார். உறுதிக்கு இன்னொருதரம் தொடுவார். இரண்டாவது தரம் தொட அந்த அடையாளம் அழிந்துவிடும். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்து, மாமாவுக்கு நான்தான் மறுபடி உயிர் கொடுக்கிறேன்.