சிமிட்டல் எண்ணும் குழு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு சாதனைதான். நெருப்புப் பிடித்தால் ஊரின் மறுகோடியில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும் பெட்டியைக் கண்டுபிடித்தது அதைவிடப் பெரிய சாதனை. ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டியதும், குழு அமைத்து நாள்கணக்கில் கூட்டம் போட்டார்களே, அதற்கு முன்னால் மற்ற இரண்டும் கைகட்டி நிற்க வேண்டும்.

அந்தப் பெருமை, காகித உறை செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்கு அலுவலகத்தைச் சேரும். குறிப்பாக அதன் பாதுகாப்பு மேலாளரை. கிடங்கு முழுக்கக் காகிதம். எங்காவது புகைந்தால் மேலாளரின் அறைச் சுவரில் இருக்கும் பெட்டி, இணையம் வழியாகக் கண்காணிப்பு நிலையத்துக்குச் சொல்லும். அவர்கள் தீயணைப்பு வண்டியை அனுப்புவார்கள். பெட்டியில் மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் மின்சாரம் உண்டு. மஞ்சள் எரிந்தால் இணையம் உண்டு. சிவப்பு சிமிட்டினால் கோளாறு உண்டு. எத்தனை தரம் சிமிட்டுகிறது என்று எண்ணி, என்ன கோளாறு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அதனால்தான் நம் மேலாளருக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது.

திங்கட்கிழமை காலை மஞ்சள் அணைந்தது, சிவப்பு சிமிட்டத் தொடங்கியது. முதலில் பார்த்தவர் அறையைக் கூட்டித் துடைக்கும் அக்கா.

"சார், அது மூணு மூணு தரமா சிமிட்டுது," என்றார்.

மேலாளர் கருணையோடு சிரித்தார். "எண்ணறதுக்குன்னு ஒரு முறை இருக்குக்கா. நாங்க பாத்துக்கறோம்."

செவ்வாயன்று குழு கூடியது. மேலாளர் நான்கு என்றார். ஸ்டோர் கீப்பர் ஐந்து என்றார். எழுத்தர், மற்ற இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, இடைப்பட்ட ஓர் எண் இருந்தால் நல்லது என்றார்.

"அது சிமிட்டறப்ப நாமளும் சிமிட்டிட்டா?" என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர்.

இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. 'எண்ணிக்கை நேரத்தில் உறுப்பினர்கள் கண் சிமிட்டுதல் கூடாது' என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். புதன் முழுக்க மூவரும் கண்ணில் நீர் வழிய எண்ணினார்கள். உறை எடுக்க வந்த லாரி டிரைவர் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் கம்பெனியின் டைரக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பெட்டிக்குக் கீழே ஈரத்துணியோடு போய்வருபவர் அக்கா ஒருவர்தானே? அக்கா ஆறு வருடமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும் ஆணை தட்டச்சாகி டைரக்டரின் மேசையில் இருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டியது. கோளாறுக்கு யார் காரணம் என்று தெரியும்வரை பேனாவைத் திறப்பதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

வியாழனன்று வாக்கெடுப்பு. மேலாளர் கையேட்டை முன்கூட்டியே புரட்டியிருந்தார். மூன்று என்றால் 'இணையக் கம்பி இணைக்கப்படவில்லை'. அதாவது நம் தவறு. நான்கு என்றால் 'கண்காணிப்பு நிலையம் பதில் தரவில்லை'. அதாவது அவர்கள் தவறு.

"அஞ்சுக்கு என்ன போட்டிருக்கு?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"பெட்டியையே மாத்தணுமாம்."

"அப்ப நாலே இருக்கட்டும்."

நான்கு வென்றது. விளக்கு மட்டும் தீர்மானத்துக்குக் கட்டுப்படாமல் பழையபடியே சிமிட்டிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டில் மனைவி கேட்டார், "அப்ப நாலு நாளா அங்க தீப்பிடிச்சா யாருக்கும் தெரியாது. அதானே?"

"அதைப் பத்தி அடுத்த வாரம் தனியா ஒரு கூட்டம் இருக்கு," என்றார் மேலாளர்.

வெள்ளி காலை, தவறு உங்களுடையது என்று அறிவிப்பதற்காகக் கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"மஞ்சள் எரியுதா சார்?"

"இல்ல."

"சிவப்பு எத்தனை தரம் சிமிட்டுது?"

"நாலுன்னு தீர்மானம் ஆயிருக்கு."

"தீர்மானம் இருக்கட்டும் சார். இப்ப பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். மூன்று. இன்னொரு தரம் பார்த்தார். மூன்றேதான்.

"பெட்டியிலேருந்து வர்ற கம்பியைக் கையில பிடிச்சுக்கிட்டே போங்க சார். எங்க முடியுதுன்னு பாருங்க."

கம்பி பீரோவுக்குப் பின்னால் போனது. தூசிக்குள் போனது. மேலாளரும் போனார். கடைசியில் அவருடைய மேசைக்கடியில் அதன் நுனி அநாதையாகக் கிடந்தது. அது செருகியிருக்க வேண்டிய துளையில் அவருடைய லேப்டாப்பின் கம்பி இருந்தது. திங்கட்கிழமை காலை, இணைய வகுப்பில் உட்காருவதற்காக, 'ஏதோ சும்மா கிடக்கிற கம்பி' என்று அவரே பிடுங்கிப் போட்டது. வகுப்பின் தலைப்பு: 'நிலை காட்டும் விளக்குகளைப் படித்தறிவது எப்படி?'

வெளியே வந்து நிமிர்ந்தால், எதிரே துடைப்பத்துடன் அக்கா.

"நீங்க கழட்டினப்ப பாத்தேன் சார். படிப்புக்காகக் கழட்டறார்னு நெனச்சேன்."

"ஏங்கா சொல்லல?"

"மூணுன்னு சொன்னேனே சார்."

கம்பியைத் திரும்பச் செருகினார். மஞ்சள் எரிந்தது, சிவப்பு அடங்கியது. மேலாளருக்குக் காது வரை சூடேறியது. வெட்கம்தான், வேறு பெயர் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. ஆறு வருடம் காத்திருந்தவரின் கையெழுத்தைத் தன் லேப்டாப் தடுத்து வைத்திருக்கிறதே என்று நெஞ்சு உறுத்தியது.

"கவலப்படாதீங்கக்கா. சாயந்தரம் கூட்டத்துல நானே சொல்லிடறேன்," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மாலை டைரக்டரே தலைமை தாங்கினார். கோளாறு நீங்கியதற்குக் குழுவைப் பாராட்டிவிட்டு, "காரணம் என்னய்யா?" என்றார்.

"மனிதத் தவறு சார். கம்பி கழண்டிருந்தது."

"யாரு கழட்டினது?"

மேலாளர் எழுந்து நின்றார். "நான்தான் சார்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, இதுதான் தலைமைப் பண்பு. கீழ வேலை செய்யறவங்க தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறார்."

ஸ்டோர் கீப்பர் கைதட்டினார். எழுத்தர் குறிப்பேட்டில் 'பெருந்தன்மை' என்று எழுதி அடிக்கோடிட்டார். 'இல்லை சார், உண்மையாகவே நான்தான்' என்று சொல்ல மேலாளர் வாய் திறந்தார். ஆனால் கைதட்டல் காதுக்கு இதமாக இருந்தது. உண்மையை ஒருமுறை சொல்லியாயிற்று, இரண்டாம் முறை சொன்னால் தற்பெருமையாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் நிரந்தர ஆணை ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. விளக்கு அணைந்தால் யாரிடமாவது விளக்கம் கேட்டாக வேண்டுமே. அக்காவிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுப்பதென்றும் முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு, நடந்ததை நன்கு அறிந்தவர் என்பதால், மேலாளருக்கே வந்தது.

கம்பி பிடுங்கப்பட்ட நாள், நேரம், பிடுங்கிய விதம், அது கிடந்த மூலை, கிடங்கு எத்தனை மணி நேரம் காவலின்றிக் கிடந்தது என்பது வரை ஒன்றுவிடாமல் எழுதினார். கூட இருந்து பார்த்தவர்கூட இவ்வளவு துல்லியமாக எழுத முடியாது என்று டைரக்டர் வியந்தார். கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. பெயர் மட்டும்தான் பிழை.