கறிபாப் வரியும் நாலு ரிம்மும்

நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்து முடித்த அதே வெள்ளிக்கிழமை மாலை, டத்தோ கிராமாட்டில் ஒரு வீட்டில் இன்னொரு பட்ஜெட் தயாரானது. தயாளன் பெரிய அதிகாரி மாதிரி பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டு, ஆபீஸ் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குசினி வாசலில் வந்து நின்றார்.

அவருக்கு வேண்டியது ஜுருவில் ஒரு கடையில் பார்த்துவைத்த, கார் சக்கரத்துக்கான நாலு ஸ்போர்ட் ரிம். காரை அவர் கொஞ்சுகிற கொஞ்சலுக்கு, அதற்குப் பேர் வைக்காததுதான் பாக்கி. உள்ளே யாரும் மிட்டாய்கூடத் தின்னக்கூடாது. மனைவி ரூபினி வீட்டிலேயே உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபாப் பொரித்து விற்கிறாள். "தூரத்து ஆர்டர் வருது, காடியில கொண்டுபோய்க் குடுங்க" என்று ஒரு வருஷமாகக் கெஞ்சுகிறாள். சீட்டில் எண்ணெய் வாசம் ஏறிவிடுமாம், மனுஷன் மசியவே இல்லை.

"மாண்புமிகு மனைவி அவர்களே!" தொண்டையைச் செருமினார். "வீட்டுப் பொருளாதாரத்தைத் துறை துறையா பிரிச்சாச்சு. நீ உணவுத் துறை. நல்லா ஓடுது. அதனால பத்து பெர்சன்ட் வரி."

"யாருக்குக் கட்டணும்?"

"கவர்மெண்டுக்கு."

"அது யாருங்க?"

"நான்தான் லா!"

ரூபினி சட்டியில் கறிபாப்பைத் திருப்பிவிட்டாள். "அந்தக் காசு எங்க போகும்?"

"போக்குவரத்துத் துறைக்கு. மேம்பாட்டுச் செலவு. நாலு ரிம்."

"நியாயம்தான். கட்டுறேன்."

தயாளன் அவளை ஒருதரம் உற்றுப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ரூபினி எதற்கும் இப்படி உடனே தலையாட்டியதில்லை. ஆனால் ரிம் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வாராவாரம் வரி ஒழுங்காக வந்தது. பொங்கலுக்குள் ரிம்மும் மாட்டியாகிவிட்டது. ஜுருவிலிருந்து வந்து இறங்கி, காரைச் சுற்றிச் சுற்றி வந்து பூரித்துப்போய் நின்றார். அப்போது ரூபினி ஆவி பறக்கும் தட்டுகளோடு வந்து பின்கதவைத் திறந்தாள்.

"ஏய், ஏய்! என்ன பண்றே?"

"கறிபாப் ஏத்துறேன். ஏழு வீட்டு ஆர்டர்."

"என் காடி லா!"

"ரிம்மு யார் வரியில வந்துச்சு?"

"உன்... உணவுத் துறை வரியில."

"எங்க துறையில வரி வாங்கி உங்க துறைக்குச் செலவு பண்ணா, அதுல எங்க சரக்கு போக வேணாமா? வரி கட்டுறவ சும்மா ரிம்மைப் பார்த்துக் கைதட்டவா?"

"சரி, வரியை ரத்து பண்றேன்!"

"தாராளமா. வாங்குன வரியைத் திருப்பிக் குடுங்க. இல்லனா ரிம்மைக் கழட்டுங்க."

தயாளன் ரிம்மைப் பார்த்தார். ரிம் அவரைப் பார்த்துப் பளபளத்தது. ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ரூபினி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெட்ரோல் காசாவது குடுப்பியா?"

"அது கவர்மெண்டு பொறுப்புங்க."

ஆறு வீடு ஏறி இறங்கினார். கார் முழுக்க மசாலா வாசம். ஏழாவது வீடு ஜெலுத்தோங்கில், போனிலேயே ஆர்டர் சொல்கிற வடிவம்மாள் அக்கா வீடு. ரூபினி காரிலேயே உட்கார்ந்துகொள்ள, தயாளன் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

"ரூபினி புதுசா டிரைவர் வெச்சிருக்காளா? பாவம் தம்பி, எப்படி வேர்த்திருக்கு!" என்று அக்கா இரண்டு வெள்ளிப் பணத்தை அவர் கையில் திணித்தார்.

தயாளனுக்கு மனம் குளிர்ந்தது. இது அவரே உழைத்துச் சம்பாதித்தது, எந்தத் துறையும் இதில் கைவைக்க முடியாது. நோட்டுகளைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு நிமிர்ந்த நடையாகத் திரும்பினார்.

கார் கண்ணாடி இறங்கியது. ரூபினியின் கை வெளியே நீண்டது.

"சேவைத் துறைக்கும் வரி உண்டுங்க."