ராகுகாலத்தில் ஒரு அப்கிரேடு

ராஜபாளையத்தில் ஒரு மோடம் பெட்டிகூட நிம்மதியாகச் செத்ததில்லை. டப்பா அண்ணாச்சி சாக விடமாட்டார். நெட் கம்பெனியை மாற்றிவிட்டோமே, பழைய பெட்டியைக் குப்பையில் போடலாம் என்று நீங்கள் நினைத்து முடிப்பதற்குள் உங்கள் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கும்.

"ஏலே, அத எறிஞ்சிராத. லைட்டு எரியுதுல்லா? அப்ப உள்ள உசுரு இருக்கு" என்பார். லைட் எரியாவிட்டால், "மயக்கம்தான், தெளிஞ்சிரும்" என்பார். பெட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அதன் பழைய சரக்கையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிவிடுவார். அதன்பிறகு அந்தப் பெட்டி விளம்பரத்தை வடிகட்டும், பாட்டைச் சேமித்து வைக்கும், மாதத்துக்கு இரண்டு தடவை அப்கிரேடு கேட்டு உயிரை வாங்கும்.

ஒரு மில்லில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப்பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் மகள் கவிதாவின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு அப்பான்னு போட்டிருக்கே, இது யாரு?" என்று அவரிடமே கேட்டவன் நான். பக்கத்து வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது!

அவருடைய மேஜையில் எப்போதும் நாலைந்து பெட்டிகள் குடல் சரிந்து கிடக்கும். காலையில் அவர் மனைவி, எங்கள் மதினி, இட்லித்தட்டைத் தேடினால், அதன் ஓட்டை வழியாகக் காற்றோட்டம் கிடைக்கிறதென்று அதன்மேல் ஒரு பெட்டியை அண்ணாச்சி உட்கார வைத்திருப்பார். ஒருநாள் மதினி என்னைப் பார்த்து, "தம்பி, எங்க வீட்டுல இன்னைக்கு உப்புமாதான். உங்க அண்ணாச்சி இட்லித்தட்டுல இண்டர்நெட்ட வேக வைக்காவ" என்றார்.

அந்தச் சின்னப் பெட்டிகளில் இடம் குறைவு. புதிய லினக்ஸ் வரும்போதெல்லாம் இடம் போதாது என்று திரையில் எழுதிக் காட்டும். அண்ணாச்சி டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எம்புட்டு இடம் கெடக்கு" என்று அதட்டிக்கொண்டே எதையாவது அழிப்பார். அழிக்கக் கூடாததை அழித்துவிட்டால் பெட்டி மூர்ச்சையாகும். அப்போது மூடியைக் கழற்றி, மூன்று ஒயரைச் சொருகி, டாக்டர் நாடி பார்க்கிற முகத்தோடு உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது.

கவிதாவை ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிச் சுந்தரபாண்டியத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். சம்பந்தி வீட்டுக்கு அண்ணாச்சி தந்த முதல் சீரே ஒரு பெட்டிதான். "இங்க இருந்துக்கிட்டே அத நான் பாத்துக்கிடுவேன்" என்று பெருமையாகச் சொன்னார். ராஜபாளையத்தில் இருந்துகொண்டே வெளியாள் யாரும் நெட் வழியாக நுழையாதபடி அதற்கு ஒரு புதுப் பூட்டுப் போட்டார். பூட்டு நல்ல பூட்டு, அவரையே உள்ளே விடவில்லை. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, சம்பந்தி வீட்டுக்குப் போய்த் திறந்துவிட்டு வந்தார். இப்படி அடிக்கடி நடந்தது. "மகமேல எம்புட்டுப் பாசம் பாருங்க, வாரத்துக்கு ஒருக்க வந்துருதாவ" என்று சம்பந்தியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

கவிதாவுக்கு ஏழாம் மாதம் சம்பந்தி வீட்டிலேயே வளைகாப்பு வைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம், அது கழிந்ததும் வளையல் போடுவதென்று ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு எல்லையில் லீவு கிடைக்கவில்லை. பன்னிரண்டிலிருந்து ஒரு மணிநேரம் மட்டும் அவர் வீடியோவில் வரலாம். அந்த வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினால்தான் கிடைக்கும். ஏழுமாதக் கர்ப்பிணியைத் தொட்டிமேல் ஏற்றவா முடியும்? எல்லாம் அண்ணாச்சியின் பெட்டியை நம்பித்தான் இருந்தது.

நானும் போயிருந்தேன். பெண்கள் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிவாக்கில் அண்ணாச்சியைக் காணவில்லை. பார்த்தால், பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி?"

"புது வெர்ஷன் வந்திருக்குப்பா. ஏத்திட்டம்னா மாப்ள முகம் கண்ணாடி மாதிரி தெரியும்."

மதினிக்கு எங்கிருந்தோ மூக்கு வேர்த்துவிட்டது. "என்னங்க, ராகுகாலத்துல எதயும் ஆரம்பிக்காதிய. சொல்லிட்டேன்!"

"ராகுகாலம் நமக்குத்தான. டப்பாவுக்கு இல்லியே" என்று அண்ணாச்சி சிரித்தார். பெட்டியின் கடிகாரத்தை, எப்போதோ கழிந்துபோன ஒரு நல்ல முகூர்த்த நாளுக்குத் திருப்பி வைத்துவிட்டாராம். அப்கிரேடு முடிந்ததும் அது தானாகவே வெளியே விசாரித்துச் சரியான நேரத்தை வைத்துக்கொள்ளுமாம். மதினியின் வாக்கையும் காப்பாற்றி, தன் அரிப்பையும் தீர்த்துக்கொண்ட சாமர்த்தியத்தில் அவருக்கு முகமெல்லாம் பல்.

அப்கிரேடு ஜம்மென்று முடிந்தது. பச்சை லைட்டுகள் எல்லாம் எரிந்தன. நெட் மட்டும் வரவில்லை.

அண்ணாச்சி ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். பெட்டியை அணைத்துப் போட்டார். மணி பன்னிரண்டு அடித்தது. "செத்த நேரம், இந்தா வந்துரும்" என்றார். அதையே நாலு தடவை சொன்னார். கவிதா மனையில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா கை நிறைய வளையலோடு நின்றார்.

"ஏட்டி, நேரம் போகுது. கைய நீட்டு."

"அவிய முகத்தப் பாக்காம நீட்ட மாட்டேன் அத்தே. வளைகாப்பையாவது கூட இருந்து பாக்கேன்னு சொல்லியிருக்காவ" என்று கவிதா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி சரியாக இருந்த ஒயரையே மறுபடி மறுபடி பிடுங்கிச் சொருகினார். அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொறுக்கமுடியாமல் கவிதாவே எழுந்து வந்து அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் தப்பு தப்பு என்று வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒவ்வொரு வரிக்கும் முன்னால போட்டிருக்கே, அது என் கல்யாணத் தேதில்லா?"

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்டவனே!" என்று தன்னையே வைதுகொண்டார்.

விஷயம் இதுதான். நெட்டில் எந்த முகவரியை விசாரித்தாலும், வருகிற பதிலில் உள்ள முத்திரை இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று பார்த்துத்தான் நம்பவேண்டும் என அந்தப் பெட்டிக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தவர் அண்ணாச்சியே. பெட்டியோ கல்யாணப் பந்தலை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்றைய முத்திரைகளை எல்லாம் போலி என்று தள்ளிவிட்டது. வெளியே யாரிடமாவது நேரத்தைக் கேட்கலாமென்றால், கேட்பதற்கும் முகவரி வேண்டும். முகவரியை நம்புவதற்கு நேரம் வேண்டும். வாத்தியாரே பையனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

அண்ணாச்சி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத் தேதியையும் நேரத்தையும் தன் கையாலேயே அடித்தார். அடுத்த நொடியே கவிதாவின் போன் அலறியது. திரையில் யூனிபார்மோடு மாப்பிள்ளை. வாயைத் திறந்து முதலில் கேட்டது மனைவியை அல்ல.

"மாமா, அப்கிரேடு பண்ணியளா?"

வீடே சிரித்து உருண்டது. சம்பந்தியம்மா அந்தச் சிரிப்போடே முதல் வளையலைப் போட்டார். கவிதா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டுமாக இருந்தாள். மாப்பிள்ளை ஒவ்வொரு வளையலுக்கும் கைதட்டினார்.

அண்ணாச்சி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சித்திரை வெயிலில் பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது. சூட்டில் அது நின்றுவிட்டால்? சுவரைப் பார்த்துக் குந்தி, தோள்துண்டால் அதற்கு விசிறிக்கொண்டே இருந்தார். "நான் வீசுதேன், நீங்க போய்ப் பாருங்க அண்ணாச்சி" என்று துண்டைப் பிடித்தேன். விடவில்லை. "நீ பராக்கு பாத்துருவ" என்றார். என்னைப் பற்றி அவர் சொன்னது சரிதான், நான் வளையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்து மாப்பிள்ளை போனை வைத்தபிறகுதான் துண்டு நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கவிதா இரண்டு கையும் கலகலக்க வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீங்க ஒண்ணுமே பாக்கலியேப்பா."

"அவரு பாத்தாருல்ல தாயி" என்றார் அண்ணாச்சி. "நின்னு நின்னு வந்துச்சா, நல்லா வந்துச்சா?"

"ஒரு தடவகூட நிக்கல."

அவள் தன் கன்னத்துச் சந்தனத்தை வழித்து அவர் கன்னத்தில் பூசினாள். அந்த வெள்ளை மீசைக்காரர் கூச்சத்தில் நெளிந்ததை நான் மறக்கமாட்டேன். இப்போது என் வீட்டிலும் ஒரு பெட்டி வைத்துத் தந்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை அது நின்றுபோகிறது. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டால் உடனே சரியாகிவிடும். நான் கூப்பிடுவதில்லை. சரியாகிவிட்டால் அண்ணாச்சி வரமாட்டாரே.