மீன்வளப் பிரிவின் மாறுபட்ட எண்

கொல்கத்தாவில் அலிப்பூரிலுள்ள அந்த அலுவலகம் அரசு இணையதளங்களைக் கட்டிக் காக்கும் திருப்பணியில் இருந்தது. இருநூறு பிரிவுகள், பிரிவுக்கு ஒரு தளம், தளத்தின் நிரலை வைக்க ஒரு கிடங்கு. அதை ரெப்போ என்பார்கள். ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி உண்டு. ரெப்போ என்றால் என்ன என்று அவரிடமே கேட்பது மரியாதையாகாது.

எல்லாத் தளங்களின் அடியிலும் அரசின் உதவி எண் இருந்தது. அதில் ஓர் இலக்கம் தப்பு. தப்பான அந்த எண், காளிகாட்டில் டிபன் கடை நடத்தும் வேதாச்சலத்தின் கடை போன். காலையில் இட்லி ஊற்றும்போதே யாராவது அழைத்து, செத்துப்போன மாமாவின் இறப்புச் சான்றிதழ் என்னாயிற்று என்று பெங்காலியில் அதட்டுவார்கள். பார்சல் சொல்ல நினைப்பவர்களுக்கு லைனே கிடைக்காது. கடை எண்ணை மாற்றினால் பழைய வாடிக்கையும் போய்விடும். வியாபாரம் படுத்துக்கொண்டே வந்தது.

அங்கே தினமும் சாப்பிடுகிறவள் சாய்பிரியா, அந்த அலுவலகத்தின் ஒப்பந்த ஊழியை. "ஒங்க ஆபீஸ்தானேம்மா? கடையை மூடற நிலைமைக்கு வந்துட்டேன். எப்படியாவது நிறுத்திக் குடும்மா," என்றார் வேதாச்சலம்.

அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. ஒரு கருவி எழுதினாள். கறுப்புத் திரையில் ஒற்றை வரி தட்டினால் போதும், எல்லா ரெப்போக்களுக்குள்ளும் புகுந்து சொன்னதைச் செய்துவிட்டு வரும். கண்காணிப்பாளர் சந்தீப் பாபு அதில் ஏஐ உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். உண்டு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

முதலில் வெறுமனே பார்த்துவர உத்தரவாயிற்று. கருவி பார்த்துவந்து சொன்னது: எங்கும் ஒரே எண், மீன்வளப் பிரிவில் மட்டும் வேறு. அந்த வேறு எண்தான் சரியான எண்.

உயர்மட்டக் கூட்டம் கூடியது. சிங்காடா என்கிற வங்காளத்துச் சமோசாவும் டீயும் வந்தன. சந்தீப் பாபு ஆழ்ந்து யோசித்தார்.

"ஒன்றே ஒன்றுதான் மாறுபடுகிறது. அதைத் திருத்திவிடுங்கள்."

"சார், அது ஒன்றுதான் சரி. மற்றதெல்லாம் தப்பு," என்றாள் சாய்பிரியா.

"இத்தனை பொறுப்பு அதிகாரிகளும் தப்பு செய்தார்கள் என்று நான் கோப்பில் எழுத வேண்டுமா?"

சாய்பிரியாவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த ஒற்றை வரியைத் தட்டினாள். மிச்சமிருந்த ஒரு சரியும் கண்ணிமைக்கும் நேரத்தில் தப்பானது. மாபெரும் சீர்மைச் சாதனைக்காகச் சந்தீப் பாபுவுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அதற்குப் பிறகுதான் பாராட்டுகள் குவிந்தன. அரசு எண்ணை அழைத்தால் ஒரு மனிதன் போனை எடுக்கிறான் என்று பொதுமக்கள் பூரித்து எழுதினார்கள். சரியான எண்ணில் யாரும் எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. உடனே வேதாச்சலத்தை மாதச் சம்பளத்தோடு உதவி எண் அலுவலராக நியமித்தார்கள். கழுத்தில் மாட்ட அட்டையும் வந்தது.

முகம் காட்ட வெட்கப்பட்டு ஒதுங்கியிருந்த சாய்பிரியா ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனாள். அடுப்பு அணைந்திருந்தது. போன் விடாமல் அடித்தது. வேதாச்சலம் அட்டையும் கழுத்துமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"போன் அடிக்குதே, எடுக்கலையா?"

"லஞ்ச் டைம்மா. எடுத்துப் பழக்கினா நாளைக்கும் கூப்பிடுவாங்க."

இப்போது தொந்தரவு ஏதும் இல்லையே என்று கேட்டாள். துளியும் இல்லை, நிம்மதியாக இருக்கிறேன் என்றார். சாய்பிரியா அலுவலகம் திரும்பி, மேற்படிப் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்று அறிக்கை எழுதினாள். அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள்.