தீக்குச்சி சாரும் தலையில்லாத ஆளும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுத் தேடினாலும், உள்ளே ஆளில்லாத சட்டையிடம் மரியாதையாகப் பேசுகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் தீக்குச்சி சார். ஆண் சட்டையை "சார்" என்பார், பெண் சட்டையை "மேடம்" என்பார். மனிதர்களுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம், மக்காச்சோள மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்கத் தாக்கல் செய்கிற கம்பெனியின் கிளை. கடலே இல்லாத ஊரில் என்ன துறைமுக வேலை என்று கேட்காதீர்கள். இங்கே சம்பளம் பாதி போதும் என்று சென்னை முதலாளி கண்டுபிடித்துவிட்டார். வருவது பெரும்பாலும் வெளிநாட்டு ஆண்கள் சட்டை. நெய்த துணியில் தைத்த ஆண் சட்டைக்குச் சுங்கப் புத்தகத்தில் அறுபத்திரண்டு பூஜ்யம் ஐந்து என்று எண். பெண் சட்டைக்கு அறுபத்திரண்டு பூஜ்யம் ஆறு. பனியன் துணியென்றால் அத்தியாயமே வேறு. எண் தப்பினால் கண்டெய்னர் நிற்கும், அதைச் 'சரி' என்றவன் வேலை போகும். எண்ணைப் போடுகிறவன் நான். சரிபார்க்கிறவர் தீக்குச்சி சார்.

செந்துறைக்கு அந்தப் பக்கம் பருத்திக்காட்டுக் குடும்பம் அவருடையது. பஸ் பார்சலில் மாதிரிச் சட்டை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். பிறகு ஓரத்து நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்துவார். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி, சுருண்டு கறுப்பு மணியானால் பாலியஸ்டர். ஆபீஸில் எந்நேரமும் எதையோ எரித்த வாடை இருக்கும். மண்டிக்காரர் இரண்டு முறை தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டிருக்கிறார்.

பார்த்து முடித்த சட்டைகளை அவர் மடிக்க மாட்டார். "இத்தன தூரம் கப்பல்ல வந்திருக்காரு, செத்த நேரம் உக்காரட்டும்" என்று நாற்காலிகளின் முதுகில் மாட்டி, பொத்தான் போட்டு வைப்பார். காலையில் கதவைத் திறந்தால் தலையில்லாத ஏழெட்டுப் பேர் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஃபேனைப் போட்டால் எல்லோருக்கும் நெஞ்சு ஏறி இறங்கும். புதிதாக வந்த கூட்டுகிற அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படியில் உருளாத குறையாக ஓடினார்.

"அந்தக் கோடு போட்ட சட்ட என்னயத் திரும்பிப் பாத்துச்சுங்க!"

"கோடு போட்டவரா? அவரு அப்படித்தான், கண்டுக்காதீங்க" என்றார் தீக்குச்சி சார், தலையைத் தூக்காமல்.

அந்த அம்மா அதற்குப் பிறகு வரவேயில்லை.

சுங்கத்தில் இப்போது அதிகாரியின் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் கேள்வி அனுப்புவார். தீக்குச்சி சார் அவரை "முகமில்லாதவரு" என்பார். டீயைக் கீழே வைத்துவிட்டு, "கேள்வி வருது சார்" என்பார். அடுத்த நிமிடம் திரையில் கேள்வி நிற்கும். தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறாவது தடவைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஒரு நாள் அவர் குலதெய்வம் கோயில் கிடாவெட்டுக்கு லீவு போட்டார். அன்று பார்த்து அவசரத் தாக்கல் ஒன்று வந்தது. பில்லில் 'நெய்த சட்டை' என்று மட்டும் இருந்தது, ஆணா பெண்ணா என்று இல்லை. மாதிரியும் வரவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு ஆளின் போட்டோ மட்டும் வந்தது, அதுவும் கழுத்துக்கு மேலே இல்லாமல். இடது பக்கம் வலது பக்கத்தின் மேல் வந்து மூடினால் ஆண் சட்டை என்பது புத்தகத்து விதி. போட்டோவில் வலது பக்கம்தான் மேலே இருந்தது. பெண் சட்டை என்று எண்ணைப் போட்டேன். சரிபார்க்க ஆளில்லை. அவருடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவர் பெயரில் நானே நுழைந்து 'சரி' என்று அழுத்திவிட்டேன்.

நான்கு நாள் கழித்துத் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் ஆண் சட்டை. பொய்த் தாக்கல் என்று கண்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் போன் பண்ணுவதாக முதலாளி சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். இந்த வேலை போனால் அவளை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான்.

தீக்குச்சி சார் அந்தப் போட்டோவைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சார், இவரு நம்ம பக்கத்து ஆளு இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ஆளு."

நான் குனிந்து பார்த்தேன்.

"பாக்கெட்டப் பாருங்க. வலது நெஞ்சுல இருக்கு. எந்த ஊர்ல சார் வலது பக்கம் பாக்கெட் வச்சுத் தைக்கிறான்?"

துறைமுகத்திலிருந்து பார்சலில் வந்திருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கை கழுவுகிற இடத்துக் கண்ணாடி முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். இந்தப் பக்கம் நிற்பவர் ஆண் சட்டை போட்டிருந்தார். அந்தப் பக்கம் நிற்பவர் பெண் சட்டை போட்டிருந்தார். அனுப்பியவன் செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறான், இடம் வலமாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் தீக்குச்சி சார் கண்ணாடியைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க மேடம், தெரியாம நடந்துபோச்சு" என்றபோது, உள்ளே இருந்த உருவம் அரை நொடி தாமதமாக வாயசைத்ததுபோல எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியில் நான் தலை சீவியதேயில்லை.

இரண்டு விதமாகவும் படம் எடுத்து விளக்கம் அனுப்பினோம். முகமில்லாதவர் ஏற்றுக்கொண்டார். எண்ணைத் திருத்திக்கொள்ளலாம் என்று பதில் வந்துவிட்டது. முதலாளி ஏற்றுக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரில் கத்தினார்.

"சரிபாத்தது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தீக்குச்சி சார் சொல்லிவிட்டார். "நாந்தாங்க. கம்ப்யூட்டர்ல எம்பேருதான் இருக்கும், பாத்துக்குங்க."

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சரிங்க."

நான் சொல்லியிருக்க வேண்டும். ஓர் எட்டு வைத்தால் போன் இருந்தது. நான் திரையில் அந்த எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வூட்ல அவங்களத் தனியா விட்டுட்டுப் போவாதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸுக்கு நடந்தார். மனிதர்களுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்துப் பார்த்ததில்லை என்று தொடக்கத்தில் எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள். எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில் பெரிய மரியாதை அதுதான்.

குழந்தை பிறந்து ஐந்தாவது மாதம், முதலாளிக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டு, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு செந்துறை வழியாகப் போகிற பஸ் ஏறினேன். வருகிறோம் என்று அவருக்குச் சொல்லவில்லை. அவரிடம் போனும் கிடையாது. அவருடைய ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, வேப்ப மரத்தடியில் கையில் பருத்திப் பஞ்சு ஒட்டியிருக்க நின்றுகொண்டிருந்தார்.

"இந்த பஸ்லதான் வருவீங்கன்னு நெனச்சேன். பொண்ணுதான?"

துணிக்குள் சுற்றியிருந்த பிள்ளையின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. என் மனைவி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்குப் பயம் வரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

செந்துறையிலிருந்து கத்திக்கொண்டே வந்த பிள்ளையை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அது அழுகையை நிறுத்திவிட்டது. எனக்குத்தான் நிற்கவில்லை.